உழவும் கச்சேரியும்: திருவெண்ணெய்நல்லூர், திண்டிவனம் வட்டாரத்தின் நில நிர்வாகம்

திருவெண்ணெய்நல்லூரில் ஆவணத்துக்கு இருந்த மதிப்பு மிகப் பழையது. சுந்தரரைச் சிவபெருமான் தடுத்தாட்கொண்ட கதையில், அவ்வூர்ச் சபையார் முதியவராக வந்த சிவன் நீட்டிய ஓலையை, காப்பிலிருந்து வரவழைத்த வேறோர் ஓலையோடு கையெழுத்து ஒத்துப் பார்த்தே தீர்ப்புச் சொல்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழாருக்கு இது வியப்பான காட்சியல்ல. ஊர் நிர்வாகம் நடக்கும் முறையே அதுதான்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்த வட்டாரம் தென்னார்க்காடு மாவட்டத்தின் பகுதியாயிற்று. தாமஸ் மன்றோவின் ரயத்துவாரி முறை 1820 முதல் மாகாணத்தில் வேரூன்றியபோது, இங்கே பெரும்பாலான நிலங்களுக்கு அரசே நேரடியாகப் பட்டா கொடுத்துத் தீர்வை வாங்கியது. நேரடி என்பது ஏட்டளவில்தான். நடுவில் கிராமக் கணக்கரான கர்ணமும் ஊர்த் தலைவரான மணியக்காரரும் இருந்தார்கள். இரண்டுமே பரம்பரைப் பதவிகள். பயிர் சாவியாகப் போனதா, கிணற்றுப் பாய்ச்சலா, ஏரிப் பாய்ச்சலா என்பதெல்லாம் கர்ணம் அடங்கல் என்ற பயிர்க் கணக்கில் எழுதியபடிதான். வருவாய்க் கணக்கின் பசலி ஆண்டு முடியும் கோடையில் ஜமாபந்தி கூடும். கிராமக் கணக்குகளை அதிகாரி வரி வரியாகத் தணிக்கை செய்வார். குடியானவர்கள் தீர்வைத் தள்ளுபடி (வஜா) கேட்டும் பட்டா மாற்றக் கோரியும் மனுவோடு காத்து நிற்பார்கள். அரசிடம் எப்படிப் பேசுவது என்பதை இந்த மண்ணின் உழவர் கற்றது அங்கேதான்.

மல்லாட்டை என்ற நிலக்கடலை பரவியபின் பேச வேண்டியது தீர்வையைப் பற்றி மட்டுமாக இருக்கவில்லை, விலையும் சேர்ந்துகொண்டது. புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் எண்ணெய் ஆலைகளுக்குப் போன சரக்கு அது. எடையிலும் தரகிலும் விவசாயி இழந்ததைத் தடுக்க 1933இல் சென்னை வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது. அதன் வழியில் தோன்றிய ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் திண்டிவனம், விழுப்புரம், திருவெண்ணெய்நல்லூர் ஆகிய ஊர்களில் இன்றும் இயங்குகின்றன. ஒவ்வொரு குவியலுக்கும் எண் இடப்படும். வியாபாரிகள் விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். கூடுதல் விலை எழுதியவருக்கே சரக்கு. ஒருவர் கேட்ட விலை இன்னொருவருக்குத் தெரியாது என்பதில்தான் இந்த மறைமுக ஏலத்தின் பயன் இருக்கிறது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் 1940இல் வெளியிட்ட டி.எம்.வி. 2 நிலக்கடலை, ஊரின் பெயரைத் தாங்கியபடி ஆந்திர, கர்நாடக மானாவாரி நிலங்களில் பல பத்தாண்டுகள் விளைந்தது.

இந்த மண்ணிலிருந்துதான் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் வந்தார். திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் 1895இல் விவசாயக் குடும்பத்தில் பிறந்த அவர், 1947 மார்ச்சில் சென்னை மாகாணப் பிரதமரானார். ஜமீன் ஒழிப்புப் பேச்சு அதற்கு முன்பே எழுந்ததுதான். வருவாய்த் துறை அமைச்சர் பிரகாசத்தின் தலைமையிலான குழு 1938இல் அறிக்கை தந்தது. அடுத்த ஆண்டே ராஜாஜி அமைச்சரவை பதவி விலகியதால் அது கிடப்பில் போனது. ஓமந்தூராரின் அரசு இரண்டு படியாக நடந்தது. 1947ஆம் ஆண்டின் குத்தகைக் குறைப்புச் சட்டம், ஜமீன் குடிகள் செலுத்தியதை அக்கம்பக்கத்து ரயத்துவாரித் தீர்வையின் அளவுக்கு இறக்கியது. 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் ஜமீன்களை இழப்பீடு கொடுத்து அரசுடைமையாக்கி, உழுதவர்களுக்கு ரயத்துவாரிப் பட்டா கிடைக்க வழிசெய்தது. தம் ஊர்க் குடியானவருக்கு இருந்த உரிமையையே அவர் மாகாணத்துக்கு அளவுகோலாக வைத்தார் என்று சொல்லலாம். 19ஆம் நூற்றாண்டு முழுவதும் ஜமீன் குடிகளுக்குக் கிடைக்காத உரிமை அது. வேளாண் கொள்கையில் தமிழகம் கண்ட மிகப் பெரிய மாற்றங்களில் ஒன்றை இரண்டே ஆண்டு ஆட்சியில் செய்துவிட்டு, 1949 ஏப்ரலில் பதவியை விட்டு இறங்கினார். பின்னர் வடலூரில் வள்ளலார் வழித் தொண்டில் வாழ்ந்து 1970இல் மறைந்தார்.

ஜமீன் போனாலும் கர்ணம், மணியக்காரர் பதவிகள் போகவில்லை. 1980 நவம்பர் 14 அன்று எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் வழியாக அந்தப் பதவிகளை ஒழித்தது. 1982இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அடங்கல் ஏடு தேர்வெழுதி வந்த கிராம நிர்வாக அலுவலரின் கைக்கு மாறியது.  1993இல் தென்னார்க்காடு பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டமான பிறகும், ஆண்டுதோறும் வட்டாட்சியர் அலுவலகங்களில் ஜமாபந்தி நடக்கிறது.