இரண்டு தடத்துக்குள் நான்கு ஒலி

டிவிக்கு இருபுறமும் இரண்டு ஸ்பீக்கர், நடுவில் ஒன்று, முதுகுப் பக்கம் இரண்டு, மூலையில் ஒரு சப்வூஃபர், எல்லாவற்றையும் ஆள ஒரு ரிசீவர். ஹோம் தியேட்டர் என்றால் இதுதான் என்று ஆகிவிட்டது. இசை ரசிகரின் காதுக்காக அளந்து செய்த அமைப்பு என்று பலர் நினைக்கிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. இது சினிமாக் கொட்டகையின் அடுக்கு. அதை வீடுவரை கொண்டுவந்து சேர்த்தது கொட்டகைக்காரர்களின் சிக்கனம்.

சுற்றொலி ஆசை பழையது. 1940இல் நியூயார்க்கில் வெளியான டிஸ்னியின் ‘ஃபேன்டேசியா’வுக்கு ஒலியைத் தனி பிலிமில் ஏற்றித் தனிக் கருவியில் ஓட்டினார்கள், செலவு தாங்காமல் அது சில ஊர்களோடு நின்றது. 1953இல் ஃபாக்ஸ் நிறுவனம் ‘தி ரோப்’ படத்தை சினிமாஸ்கோப்பில் கொண்டுவந்தபோது பிரிண்டிலேயே நான்கு காந்தத் தடங்கள் இருந்தன: இடம், நடு, வலம் என மூன்று திரைக்குப் பின்னால்; நான்காவது அரங்கைச் சுற்றி. நம் வீட்டு அடுக்கின் வரைபடம் அன்றே முடிந்துவிட்டது என்பேன். ஆனால் காந்தப் பிரிண்டுக்கு விலை அதிகம். சிறு தியேட்டர்கள் முரண்டு பிடிக்கவே, மறு ஆண்டே ஃபாக்ஸ் இறங்கிவந்து சாதாரண ஒளித்தடப் பிரிண்டும் தந்தது. இந்தச் சிக்கலை டால்பி நிறுவனம் 1970களின் நடுவில் அவிழ்த்தது. ஒளித்தடத்துக்கென்று 35 மி.மீ. பிரிண்டில் இருந்த அதே ஒடுங்கிய ஓரத்தில் இரண்டு தடங்கள், அந்த இரண்டுக்குள் நான்கு ஒலிகள். நடு ஒலி இரண்டு தடத்திலும் ஒன்றுபோலிருக்கும். சுற்றொலி ஒன்றுக்கொன்று எதிர்க்கட்டத்தில் இருக்கும். கூட்டினால் வசனம், கழித்தால் சுற்றொலி. 1977இல் ‘ஸ்டார் வார்ஸ்’ ஓடிய ஓட்டம் மற்ற தியேட்டர்களையும் இந்த முறைக்கு இழுத்தது. தமிழில் 1995இல் வந்த ‘குருதிப்புனல்’, டால்பி ஸ்டீரியோ சரவுண்ட் எஸ்.ஆர். கொண்ட முதல் இந்தியப் படம் என்று பெயர் வாங்கியது.

வீடு உள்ளே வருவது இந்த இடத்தில்தான். வீடியோ கேசட்டிலும் லேசர்டிஸ்கிலும் ஸ்டீரியோவுக்கென இரண்டு தடங்கள் இருந்தன. தியேட்டர் கலவையை அப்படியே பதிந்தால் உள்ளே ஒளிந்திருக்கும் நான்கும் கூடவே வந்துவிடும். 1982இல் வந்த வீட்டு டிகோடர் கழித்தலை மட்டும் செய்து பின் ஸ்பீக்கருக்கு அனுப்பியது. நடு ஸ்பீக்கரைத் தனியே பிரிக்க 1987இல் புரோ லாஜிக் என்ற அடுத்த டிகோடர் வரவேண்டியிருந்தது. கழித்தல் ஒருபோதும் சுத்தமாக வராது, வசனம் பின்னால் கசியும். அதற்காகப் பின் ஒலியைச் சுமார் 20 மில்லிசெகண்ட் தாமதித்து, 7 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டினார்கள். முதலில் எட்டிய ஒலியின் திசையைத்தான் காது நம்பும் என்பதால் கசிவு உறைக்கவில்லை. அழகான ஏமாற்று!

1970களிலேயே நான்கு ஸ்பீக்கர் குவாட்ரபோனிக் இசைத்தட்டுகள் வீட்டுக்கு வந்துவிட்டனவே என்று கேட்கலாம். உண்மைதான், நான்கை இரண்டில் மடிக்கும் கணக்கே அந்த உலகத்தில் வளர்ந்ததுதான். ஆனால் அதில் நடு ஸ்பீக்கர் கிடையாது. நாலு மூலைக்கு நாலு என்ற அந்த அடுக்கு, ஒன்றோடொன்று ஒத்துப்போகாத முறைகளின் போட்டியில் பத்தாண்டுக்குள் மடிந்தது. பிழைத்தது கணக்கு, அடுக்கு அல்ல.

டிஜிட்டல் வந்தபின் சிக்கனத்துக்கு என்ன வேலை என்ற கேள்வி இன்னும் வலுவானது. டிவிடியில் ஒவ்வொரு ஒலிக்கும் தனி இடம் கிடைத்தது. மடிக்கவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம். எப்படி வேண்டுமானாலும் ஸ்பீக்கர்களை வைத்திருக்கலாம். வைத்தது என்னவோ பழைய மூன்றும், இரண்டாகப் பிரிந்த சுற்றொலியும், 70 மி.மீ. படங்களில் அதிர்வுக்கென இருந்த தடத்தின் வாரிசான சப்வூஃபரும்தான். 2000களின் தொடக்கத்தில் சூப்பர் ஆடியோ சிடி, டிவிடி ஆடியோ என்று பல தட இசைத்தட்டுகள் வந்தபோது, வசனத்துக்காகப் பிறந்த நடு ஸ்பீக்கரில் எதை வைப்பதென்று கலவையாளர்கள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. சிலர் பாடகரை அங்கே நிறுத்தினார்கள். சிலர் அதைக் காலியாகவே விட்டார்கள்.