ரத்தக்காட்டேரியும் காரைக்கால் பேயும்

‘ட்வைலைட்’ நாவலை 17 வயசுல ஒரே ராத்திரியில் படிச்சு முடிச்சவங்கள்ல நானும் ஒருத்தி. போன வாரம் திரும்பப் படிச்சேன். ரத்தக்காட்டேரி எப்போ காதலன் ஆனான்னு தேடினதுல கிடைச்சதுதான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

ஆரம்பிச்சு வச்சவர் ஒரு டாக்டர்! ஜான் பொலிடோரி. 19 வயசுல எடின்பரோவில் பட்டம், ஆய்வு தூக்கத்தில் நடப்பதைப் பற்றி. 1816ல் கவிஞர் பைரனின் மருத்துவராக ஜெனீவா ஏரிக்கரைக்குப் போனார். முந்தைய வருஷம் தம்போரா எரிமலை வெடிச்சதால் ஐரோப்பாவுக்கு அந்த வருஷம் கோடையே வரல. மழையில் வீட்டுக்குள்ள அடைபட்டவங்க பேய்க்கதை எழுத உட்கார்ந்தாங்க. ‘பிராங்கன்ஸ்டைன்’ கருவானதும் அங்கேதான். பொலிடோரியின் ‘தி வேம்பயர்’ 1819ல் அச்சானது, அதுவும் பைரன் பேர்ல!

அதுவரைக்கும் கிழக்கு ஐரோப்பியக் கிராமங்களில் ரத்தக்காட்டேரின்னா வயிறு உப்பி, வாயோரம் ரத்தம் கசியும் பிணம். பிரேதப் பரிசோதனை பார்த்தவங்களுக்கு இதுல மர்மமே இல்ல, உடல் அழுகும்போது அப்படித்தான் ஆகும். அந்தப் பிணத்தைப் பிரபுவாக்கி, பெண்கள் மயங்குற ஆளாக்கினது பொலிடோரி. 1897ன் டிராகுலாவும் 2005ன் எட்வர்டும் அந்த வம்சம்தான்.

எட்வர்ட் கதைப்படி 1901ல் பிறந்தவன். 1918 ஃப்ளூவில் சாகக் கிடந்தவனை ரத்தக்காட்டேரி ஆக்கினதும் ஒரு டாக்டர்தான் (எங்க குலம் பண்ற வேலை!). பெல்லாவுக்கு 17. அவ தூங்குறதை, அவளுக்கே தெரியாம அறைக்குள்ள வந்து ராத்திரி முழுக்கப் பார்ப்பான். அன்னைக்கு உருகினேன். இப்போ, புருஷன் போனை நோண்டுறான், எங்கே போனாலும் பின்னாலயே வர்றான்னு குரலைத் தாழ்த்திச் சொல்ற பொண்ணுங்களை ஓபியில் பார்த்த பிறகு, அந்தப் பக்கத்தைத் தாண்ட முடியல.

பெல்லா கேட்கிறது ஒண்ணுதான்: வயசாகுறதுக்குள்ள என்னையும் மாத்திடு.

இதுக்கு நேர்மாறா கேட்ட ஒருத்தி நம்ம டெல்டாவில், காரைக்காலில் இருக்கா. 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணம் சொல்ற புனிதவதி. புருஷன் பரமதத்தன் வணிகன். அவன் கொடுத்தனுப்பின ரெண்டு மாம்பழத்தில் ஒண்ணை அடியாருக்குப் போட்டுட்டா. அவன் ரெண்டாவதும் கேட்க, இறைவன் அருளால் ஒரு பழம் கைக்கு வந்தது. ருசி வேற மாதிரி இருந்ததால் துருவிக் கேட்டான். இன்னொண்ணும் வரவழைச்சுக் காட்டினா. அவனுக்கு வந்தது பயம். கப்பலேறிப் போனவன் பாண்டிநாட்டில் வேற கல்யாணம் பண்ணிக்கிட்டான், பொண்ணுக்குப் புனிதவதின்னே பேர் வச்சான். சொந்தக்காரங்க இவளைக் கூட்டிட்டுப் போய் நிறுத்தினா, குடும்பத்தோட கால்ல விழுறான்!

அப்போதான் அவ கேட்டா: இவனுக்காகச் சுமந்த இந்தச் சதை போகட்டும், பேய் வடிவம் கொடு. சோழர் கால வெண்கலத்தில் பாருங்க. விலா எலும்பு எண்ணலாம், மார்பு வற்றியிருக்கும், கையில் தாளம். முகத்தில் துக்கம் துளிகூட இருக்காது.

அவ போய்ச் சேர்ந்த இடம் அரக்கோணம் பக்கம் திருவாலங்காடு. ஒட்டின ஊர் பழையனூர். அங்கேதான் நீலி, புருஷனே கொன்னுபோட்ட மனைவி, அடுத்த பிறவியில் துரத்தி வந்து பழிதீர்த்த பேய். கொலையானவ அவ. ஆனா பொய் அழுகைக்கு நாம வச்ச பேரு ‘நீலிக்கண்ணீர்’. ஓபியில் ஒரு பொண்ணு அழும்போது கூட வந்த மாமியார் இந்த வார்த்தையைச் சொன்னா, அவங்களை வெளியே உட்காரச் சொல்லிடுவேன்.

காரைக்காலில் ஆனி மாசம் மாங்கனித் திருவிழா. ஊர்வலத்தின்போது மாடியிலிருந்து மாம்பழம் இறைப்பாங்க. குழந்தை வேண்டி அந்தப் பழத்தைச் சாப்பிடுறவங்க நிறைய. என்கிட்ட வர்றவங்களும் கேட்பாங்க. தாராளமா சாப்பிடுங்க, சர்க்கரையை மட்டும் ஒருதடவை பார்த்துடலாம்னு சொல்லுவேன்.