காலி இருக்கை இல்லாத விமானம் பிறந்த கதை

மார்கழி, தை மாதங்களில் சிதம்பரம் பக்கத்தில், கிள்ளையை அடுத்த பிச்சாவரம் படகுத்துறைக்குப் போனால், உள்ளூர்க் கூட்டத்துக்கு நடுவே வெளிநாட்டுக்காரர்கள் சிலரையும் பார்க்கலாம். அவர்கள் எல்லோரும் பெரும் பணக்காரர்கள் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் அவர்களில் மாதச் சம்பளக்காரர்களும் ஓய்வூதியத்தில் வாழ்கிறவர்களும் உண்டு. அப்படிப்பட்ட ஒருவர் பனிக்குளிருக்குத் தப்பி, ஏழெட்டாயிரம் கிலோமீட்டர் பறந்து, வெயிலடிக்கும் ஒரு கடற்கரைக்கு வரலாம் என்பது 75 ஆண்டுகளுக்கு முன்பு நினைத்துப் பார்க்க முடியாத காரியம். அதை நடத்திக் காட்டியது சார்ட்டர் விமானம்.

சார்ட்டர் என்பது நமக்குப் புதிதில்லை. கல்யாணத்துக்கு பஸ் பிடிக்கிறோமே, அதே கணக்குதான். ரூட் பஸ் ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் நேரத்துக்குக் கிளம்பியாக வேண்டும். காலி இருக்கைகளின் செலவையும் ஏறியவர்கள்தான் டிக்கெட்டில் சுமக்கிறார்கள். கல்யாண பஸ் முழு வண்டியாகப் பேசப்படுகிறது, முழுதாக நிரம்புகிறது, தலைக்கு ஆகும் செலவு இறங்கிவிடுகிறது. விமானத்தில் இதைச் செய்ய ஒரு போரும் ஒரு சட்டச் சந்தும் தேவைப்பட்டன.

1944 டிசம்பரில் சிகாகோவில் 52 நாடுகள் கூடி, உலக வான்போக்குவரத்துக்கான உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. ஒரு நாட்டின் விமான நிறுவனம் இன்னொரு நாட்டுக்கு அட்டவணைப்படி விமானம் விட வேண்டுமானால் அந்த நாட்டின் அனுமதி வேண்டும் என்று அது சொன்னது. கட்டணத்தையோ விமான நிறுவனங்களே தங்கள் சங்கத்தில் கூடிப் பேசி முடிவு செய்தன. ஒருவர் விலையைக் குறைத்து மற்றவரை முந்த வழியில்லை. ஆனால் அட்டவணைக்கு வெளியே பறக்கும் விமானங்களுக்கு அதே உடன்படிக்கை தனி விதி வைத்திருந்தது. சார்ட்டர் நுழைந்தது அந்தச் சந்து வழியாகத்தான். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் நூற்றுக்கணக்கான டகோட்டா விமானங்கள் மலிவு விலைக்கு வந்தன. ஓட்டத் தெரிந்த விமானிகளும் வேலை தேடிக்கொண்டிருந்தார்கள்.

மாஸ்கோவில் பிறந்து லண்டனில் படித்த விளாடிமிர் ரைட்ஸ் அப்போது ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தில் வேலை பார்த்துவந்தார். 1949ல் பிரான்சின் கார்சிகா தீவில் உள்ள கால்வி என்ற ஊருக்கு விடுமுறைக்குப் போனார். ரயிலும் கப்பலுமாக நீண்ட பயணம். ஊருக்குப் பக்கத்திலேயே போர்க்காலத்தில் போட்ட விமான ஓடுதளம் ஒன்று சும்மா கிடந்தது. திரும்பி வந்ததும் பாட்டி விட்டுச்சென்ற பணத்தை முதலாகப் போட்டு ‘ஹொரைசன் ஹாலிடேஸ்’ நிறுவனத்தைத் தொடங்கினார். அரசுக்குச் சொந்தமான விமான நிறுவனத்தின் வருமானம் கெட்டுவிடக் கூடாது என்று, ஆசிரியர்களையும் மாணவர்களையும் மட்டுமே ஏற்றலாம் என்று நிபந்தனை போட்டு அரசு அனுமதி தந்தது.

1950 மே மாதம் 32 இருக்கைகள் கொண்ட டகோட்டா ஒன்று லண்டனிலிருந்து கால்விக்குக் கிளம்பியது. தலைக்கு 32 பவுண்டு 10 ஷில்லிங். போகவர விமானம், தங்கக் கூடாரம், சாப்பாடு எல்லாம் அதற்குள் அடக்கம். பக்கத்து நீஸ் நகருக்கு அட்டவணை விமானத்தில் போய்வரும் கட்டணம் மட்டுமே அப்போது 70 பவுண்டு. இங்கிலாந்தில் இறைச்சிக்கு இன்னும் ரேஷன் இருந்த காலம் அது. இறைச்சியோடு சாப்பாடு என்ற வாக்குறுதியே பலரை இழுத்தது. முதல் விமானத்தில் 32 பேரும் முழுக் கட்டணம் கொடுத்திருந்தால் மொத்த வரவு 1,040 பவுண்டு. இந்தத் தொழிலின் லாபமும் நஷ்டமும் அந்த 32 என்ற எண்ணில்தான் இருந்தது. சில இருக்கைகள் காலியானாலே லாபம் போய்விடும்.

அதே ஆண்டில் டென்மார்க்கின் டியரெபோர் கிராமத்துப் பாதிரியார் ஐலிஃப் குரோககர் தன் சபை மக்களைப் பேருந்தில் ஸ்பெயினுக்கு அழைத்துப்போனார். அந்தப் பயணம் வளர்ந்து, 1962ல் ‘ஸ்டெர்லிங்’ என்ற சொந்த சார்ட்டர் விமான நிறுவனமாக மாறியது. ஐரோப்பாவின் குளிர்நாடுகளில் சம்பளத்தோடு விடுமுறை கிடைக்கத் தொடங்கியிருந்த தொழிலாளிகளும் ஆசிரியர்களும் செவிலியர்களும் வாழ்க்கையில் முதன்முறையாக விமானம் ஏறியது பெரும்பாலும் இப்படிப்பட்ட விமானங்களில்தான்.

விமானத்தை எப்படித் திருப்பி எடுப்பது என்பதுதான் இத்தொழிலின் சூட்சுமம். முதல் வாரம் ஒரு குழுவை இறக்கிவிட்டு வெறும் விமானம் திரும்பினால் நஷ்டம். அதனால் இரண்டாம் குழுவை இறக்கிய அதே விமானம் முதல் குழுவை ஏற்றிக்கொண்டு போகும். பருவம் முழுக்க இப்படி வாரந்தோறும் ஆள் மாற்றம். பருவத்தின் தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை மட்டுமே விமானம் காலியாகப் பறக்கும். இந்தச் சுற்று அறுபடாமல் இருக்க, ஓட்டல் அறைகளையும் பயண நிறுவனமே பருவம் முழுவதற்கும் மொத்தமாகப் பேசி வைத்துக்கொள்ளும். விமானமும் ஓட்டலும் ஒரே கையில் சேர்ந்தது இப்படித்தான். வந்து சேரும் ஊர்கள் இதற்குக் கொடுத்த விலையைப் பின்னால் பார்ப்போம்.

ஜெட் விமானம் வந்ததும் தூரம் சுருங்கியது. 1966ல் ஜெர்மனியின் ‘காண்டோர்’ நிறுவனம் தாய்லாந்து, இலங்கை, கென்யா போன்ற வெகுதூர வெப்ப நாடுகளுக்குப் பறக்கத் தொடங்கியது. அதே 1966ல்தான் இலங்கை தன் சுற்றுலா வாரியத்தை அமைத்தது. 1971ல் காண்டோர் ஜம்போ ஜெட்டையே விடுமுறைக்காரர்களுக்காக இறக்கியது. 1972ல் கொழும்பிலிருந்து வாடகைக்குப் பேசிய விமானத்தில் இத்தாலியர் குழு ஒன்று மாலத்தீவுக்குப் போனது. அந்த நாட்டின் சுற்றுலா வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது.

இந்தியாவில் இது கால் பதித்த இடம் கோவா. 1980களின் நடுவில் ஐரோப்பாவிலிருந்து சார்ட்டர் விமானங்கள் நேராக அங்கே இறங்கத் தொடங்கின. காண்டோர் ஆரம்பத்திலேயே வந்தவற்றில் ஒன்று. அதற்கு முன் வெளிநாட்டுப் பயணி பம்பாயில் இறங்கி மாறி வர வேண்டும். அக்டோபரில் தொடங்கி கோடை வரை நீளும் பருவத்தில் டாபோலிம் கடற்படைத் தளத்தின் ஓடுபாதை வழியே ஜெர்மானியர், ஆங்கிலேயர், பிற்பாடு ரஷ்யர் என்று கூட்டம் வந்தது. எதிர்ப்பும் வந்தது. எங்கள் தண்ணீர், எங்கள் கடற்கரை யாருக்கு என்று கேட்டு ‘ஜாக்ருத் கோயெங்கராஞ்சி ஃபவுஜ்’ என்ற அமைப்பு, 1980களின் பிற்பகுதியில் வந்திறங்கிய சார்ட்டர் பயணிகள் மீது சாணி வீசியது. அந்தச் செயலை ஏற்க முடியாது. ஆனால் அந்தக் கேள்வி நியாயமானது. ஓட்டல் நீச்சல்குளத்துக்குப் போகும் நீரும் ஊர்க் கிணற்று நீரும் ஒரே நிலத்தடியிலிருந்துதான் வருகின்றன.

இந்தக் கதைக்கு நம் வீட்டு வாசலுக்கு வந்த கிளை ஒன்று உண்டு. 1971ல் ஏர் இந்தியா ‘ஏர் இந்தியா சார்ட்டர்ஸ்’ என்ற துணை நிறுவனத்தைத் தொடங்கியது. அந்தக் காலத்தில் நம் பக்கத்து ஆட்களுக்குக் கடல் கடக்கும் வழி கப்பல்தான். பக்கத்துச் சிதம்பரத்தின் பெயரையே தாங்கிய ‘எம்.வி. சிதம்பரம்’ சென்னையிலிருந்தும் நாகையிலிருந்தும் பினாங்கு, சிங்கப்பூர் வரை போய்வந்தது. 1980களின் நடுவில் அதில் தீப்பிடித்தது; அந்தப் பயணிகள் கப்பல் ஓட்டம் அதோடு நின்றது. 2005 ஏப்ரலில் அந்தப் பழைய சார்ட்டர் நிறுவனமே ‘ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ்’ என்ற பெயரில் திருவனந்தபுரத்திலிருந்து அபுதாபிக்கு முதல் விமானத்தை விட்டது. ஒரே வகை விமானம், உயர்வகுப்பு இல்லை, சிறிய நகரத்திலிருந்தே நேரடிப் பயணம். எல்லாம் சார்ட்டர்காரர்கள் கற்றுக்கொடுத்த பாடம். பிறகு திருச்சியிலிருந்தும் அது வளைகுடாவுக்குப் பறந்தது. பரங்கிப்பேட்டையிலும் கிள்ளையிலும் வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் வாழும் குடும்பங்களுக்கு மலிவு விமானம் என்பது விடுமுறைச் சமாச்சாரம் அல்ல. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிள்ளையின் முகம் பார்க்கும் வழி அது. கடற்கரைக்குப் போகிறவருக்காகப் பிறந்த கணக்கு, கூலி வேலைக்குப் போகிறவருக்கும் பயன்பட்டது. இதன் பெரிய நன்மை இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஆனால் காலி இருக்கையைத் தாங்காத தொழில் கெட்ட காலத்தையும் தாங்காது. 1974 ஆகஸ்டில், எண்ணெய் விலை ஏறியிருந்த நேரத்தில், பிரிட்டனின் ‘கோர்ட் லைன்’ விழுந்தது. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே மலிவு விமானம் விட்ட ஃப்ரெடி லேக்கரின் நிறுவனம் 1982 பிப்ரவரியில் விழுந்தது. 2017ல் ‘மொனார்க்’. 2019 செப்டம்பரில், 178 ஆண்டு பழமையான ‘தாமஸ் குக்’ ஒரே இரவில் மூடப்பட்டது. சுமார் 6 லட்சம் பயணிகள் வெளியூர்களில் தவித்தார்கள். அந்தப் பருவத்தில் தாமஸ் குக் விமானங்களை எதிர்பார்த்திருந்த கோவா ஓட்டல்காரர்களும் ஏமாந்தார்கள்.

இலங்கையின் அனுபவம் இன்னும் கசப்பானது. 1982ல் அங்கே வந்த பயணிகள் 4 லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். 1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பிறகு அந்த எண்ணிக்கை சரிந்து, சில ஆண்டுகளில் ஏறக்குறைய பாதிக்கு வந்தது. பயண நிறுவனத்துக்கு இலங்கையின் நீர்கொழும்பும் ஒன்றுதான், தாய்லாந்தின் பட்டாயாவும் ஒன்றுதான். விமானத்தைத் திருப்பிவிட ஒரு கையெழுத்து போதும். ஆனால் கடன் வாங்கி விடுதி கட்டியவருக்குத் திருப்பிவிட வேறு ஊர் இல்லை.

இனி கிள்ளைக்கு வருவோம். இங்கே சார்ட்டர் விமானம் நேராக இறங்கப்போவதில்லை. புதுச்சேரி விமான நிலையத்தின் ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர்தான். பெரிய ஜெட் அதில் இறங்க முடியாது. வந்தால் சென்னையிலோ திருச்சியிலோ இறங்கி, பேருந்தில் வரும் குழுவாகத்தான் வரும். அப்படி வருகிற குழு தன் நாட்டிலேயே பணம் கொடுத்துவிட்டுக் கிளம்பியிருக்கும். பிராங்க்பர்ட்டிலோ லண்டனிலோ கட்டிய மொத்தப் பணத்தில் படகோட்டிக்கு எவ்வளவு என்பது இங்கே முடிவாவதில்லை.

இதற்கு நேர் எதிரான வழக்கமும் கிள்ளையிலேயே இருக்கிறது. மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் தீர்த்தவாரிக்காகக் கிள்ளைக்கு எழுந்தருளுகிறார். வழியில் தர்காவில் இஸ்லாமியர்கள் மரியாதை செய்து வரவேற்கிறார்கள். பின்தொடர்ந்து வரும் கூட்டமும் பெருங்கூட்டம்தான். ஆனால் யாரும் வெளியூர் நிறுவனத்திடம் முன்பணம் கட்டி வருவதில்லை. தேநீர்க் கடை, பூக்கடை, ஆட்டோ என்று செலவழிக்கும் காசு அன்றைக்கே ஊருக்குள் இறங்குகிறது.

பிச்சாவரம் அலையாத்திக்காடு சுமார் 1,100 எக்டேர். 2004 சுனாமியின்போது தனக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகளுக்கு அது அரணாக நின்றது. சுரபுன்னையும் கண்டலும் தில்லையும் நிற்கும் இந்தச் சேற்றுநிலம் கடலோர ஒழுங்குமுறை விதிகளின்படி உச்சப் பாதுகாப்புக்கு உரியது. மீனவர்களுக்கும் இருளர் மக்களுக்கும் இதே நீர்தான் மீனும் இறாலும் நண்டும் தருகிறது. பயணிகள் வரட்டும், எங்கிருந்து வந்தாலும் வரவேற்போம். ஆனால் குழுவாக வருகிறவர்களுக்கான படகுக் கட்டணத்தில் துடுப்புப் போடுகிறவரின் பங்கு எவ்வளவு என்பதை எழுத்தில் வைக்க வேண்டும். தங்கும் அறைகள் காட்டையொட்டிப் புதிதாக எழாமல், கிள்ளையிலும் சிதம்பரத்திலும் உள்ளவர்களின் வீடுகளிலும் விடுதிகளிலும் அமைய வேண்டும். எந்தப் பயண நிறுவனத்துக்கும் படகுத்துறையை மொத்தக் குத்தகைக்குத் தரக் கூடாது. சுற்றுலாத் துறையும் வனத்துறையும் பேரூராட்சியும் படகோட்டிகளோடு உட்கார்ந்து இதை இப்போதே பேசி முடிக்கட்டும். கூட்டம் வந்து இறங்கிய பிறகு பேரம் பேச முடியாது என்பதைக் கோவாவும் இலங்கையும் நமக்கு முன்பே அனுபவித்துவிட்டன.