வழக்கு என்னும் சொல்

ஜவ்வாது மலையின் அடிவாரத்துப் பள்ளி ஒன்றில் முப்பது ஆண்டுகட்கு முன் யான் ஆசிரியனாக இருந்தேன். ஒருநாள் இலக்கண வகுப்பில் உலக வழக்கு, செய்யுள் வழக்கு என்பவற்றை விளக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் பள்ளிக்கு வராதிருந்த மலைச் சிறுவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, எங்கள் அப்பா மேல் போட்டிருப்பதும் வழக்குத்தானே? இந்த வழக்கும் அந்த வழக்கும் ஒன்றா?" என்று வினவினான். காப்புக்காட்டில் ஆடு மேய்த்தமைக்காக அவன் தந்தை நீதிமன்றம் சென்றிருந்தார். அன்று யான் கூறிய விடை எனக்கே நிறைவு தரவில்லை. அதனை இன்று சற்று விரித்துரைக்க விழைகின்றேன்.

வாழ்க்கையின் அடிப்படை விதிகளைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உண்டு. விதி என்பது மேலிருந்து விதிக்கப்படுவது. ஊழுக்கும் அதுவே பெயர். முறை என்பது வரிசையையும் உறவையும் நீதியையும் ஒருங்கே குறிக்கும். வரம்பு வயலில் காணும் சொல். சட்டம் என்பது கதவுக்கும் படத்துக்கும் இடும் மரச்சட்டத்தையும் குறிக்கும். வழக்கோ இவற்றினின்றும் வேறுபட்டது. மக்கள் நாவிலும் நடையிலும் வழங்கி வருவதே வழக்கு. தொல்காப்பியர் வழக்கையும் செய்யுளையும் ஆராய்ந்தே நூல் செய்தார் என அந்நூற் பாயிரம் கூறுகின்றது. விதி கூறும் இடங்களிலும் அவர் தாமே ஆணையிடுவார் போலன்றி, 'என்ப' என்று சான்றோர் கூற்றாகவே பல இடங்களில் உரைக்கின்றார். வழங்குவதை அறிந்த பின்னரே விதி வகுக்க வேண்டும் என்பது இதனால் புலனாகும்.

ஊராட்சியிலும் இதற்குச் சான்று உண்டு. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும், உத்தரமேரூர்ச் சபையார் குடவோலைத் தேர்தலுக்குரிய விதிகளைக் கல்லில் பொறித்தனர். அவற்றை 'வியவஸ்தை' என்று அழைத்தனர். கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் வாரியத்தில் இடம்பெறலாகாது என்பது அவற்றுள் ஒன்று. அரசனின் அதிகாரி உடனிருந்தபோதிலும், அவ்விதிகளைச் செய்தோர் அவற்றின்கீழ் வாழவிருந்த சபையாரே.

இனி ஜவ்வாது மலைக்கு வருவோம். அங்கு வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். இப்பெயர் கேரளத்தாரைக் குறிப்பதன்று, மலையில் வாழ்வோரைக் குறிப்பது. தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர் என்பது அவர்தம் செவிவழிச் செய்தி. புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்னும் பெயர்களில் 'நாடு' என்ற பழைய ஆட்சிப் பிரிவுச் சொல் இன்றும் வாழ்கின்றது. ஊர்ப் பெரியோர் கூடித் தகராறுகளைத் தீர்ப்பது அங்கு மரபு. சாமை விளைவிப்பதும், ஆடு மாடு மேய்ப்பதும், தேனும் கடுக்காயும் சேர்ப்பதும் எழுதப்படாத வழக்கங்கள்.

1882-ஆம் ஆண்டில் சென்னை வனச் சட்டம் பிறந்தது. காப்புக்காடு என்று அறிவிக்கப்பட்ட நிலத்தில் இசைவின்றி மேய்ப்பதும், புதிதாகக் காடு திருத்துவதும் குற்றமாயின. காட்டைக் காக்க வேண்டியது உண்மையே. அதனை யாரும் மறுக்கவில்லை. எனினும், நேற்றுவரை வழக்கமாக இருந்தது இன்று நீதிமன்ற வழக்காயிற்று. சொல் ஒன்றே; அதனைச் சொல்லும் வாய்தான் மாறிற்று.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இக்குறையை ஒப்புக்கொண்டது. காட்டுவாழ் மக்களுக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டது என்று அதன் முகப்புரையே கூறுகின்றது. உரிமை எவருக்கு, எவ்வளவு என்று ஆராயும் பணியை முதற்கண் தொடங்குவது கிராம சபை. நெடுங்காலம் அவ்வூரில் வழங்கி வந்ததை அறிந்த முதியோரின் வாய்மொழியும் அங்கே சான்றாகும். வழங்குவதைக் கேட்டறிந்து விதி செய்தல் என்னும் பழைய நெறி ஒருவாறு மீண்டது எனலாம்.

ஆதலின், அச்சிறுவனுக்கு இன்று யான் கூறும் விடை இது: "தம்பி, இரண்டும் ஒரே சொல்தான். உன் ஊர் வழங்கி வந்ததைக் கேளாமல் எழுதப்பட்ட சட்டம், முதல் வழக்கை இரண்டாம் வழக்காக்கிவிட்டது." ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளி விதிகளைக் கரும்பலகையில் எழுதுமுன், மாணாக்கரிடம் அவர்தம் வழக்கத்தை ஒருமுறை கேளுங்கள். கேட்டு எழுதிய விதியைக் காக்கக் காவலர் பலர் வேண்டுவதில்லை.