காலியாக விட்ட இரண்டு கட்டங்கள்

போன வாரம் பீரோவை ஒழித்தபோது அடித்தட்டில் ஒரு பழுப்புக் கவர் கிடைத்தது. 1970களில் நான் வேலைக்குப் போட்ட விண்ணப்பங்களின் கார்பன் நகல்கள். எழுத்து மங்கிவிட்டது, ஆனால் படிக்க முடிகிறது. நம் வயதுக்காரர்கள் எல்லோரும் இப்படிப்பட்ட தாள்களை நிரப்பியவர்கள்தான். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, மதம், சாதி. வலது மேல் மூலையில் போட்டோ ஒட்ட ஒரு கட்டம். அதன் மேல் பாதி, தாளின் மேல் பாதி விழுகிற மாதிரி ஒரு கெஜட்டட் அதிகாரியின் கையெழுத்து. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் விண்ணப்பம் குப்பைக்கூடைக்குப் போய்விடும் என்று அப்பா நூறு தடவை சொல்லியிருப்பார்.

அந்தக் கவரைப் பார்த்ததும், சில வருடங்களுக்கு முன் படித்துவிட்டு மறக்க முடியாமல் இருக்கும் ஒருவரின் கதை நினைவுக்கு வந்தது. விண்ணப்பத்தில் இரண்டு கட்டங்களைக் காலியாக விட்டவர் அவர். அதனால்தான் அவரை இண்டர்வியூவுக்கே கூப்பிட்டார்கள். அதன்பின் அந்த வேலை கைக்கு வர எட்டு வருடம் ஆனது.

அவர் பெயர் மார்லன் கிரீன். அமெரிக்காவின் தெற்கே, ஆர்கன்சா மாநிலத்தில் எல் டொராடோ என்ற ஊரில் 1929-ல் பிறந்தவர். கறுப்பினத்தவர். அந்தக் காலத்து அமெரிக்கத் தெற்கு எப்படி இருந்தது என்று நமக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. தனிப் பள்ளிக்கூடம், பஸ்ஸில் தனி இடம், தண்ணீர் குடிக்கத் தனிக் குழாய். தனி டம்ளர் பார்த்து வளர்ந்த நமக்கு அது புரியாத பாஷை இல்லை.

1948-ல் கிரீன் விமானப்படையில் சேர்ந்தார். அதே வருடம் ஜூலையில்தான் ஜனாதிபதி ட்ரூமன், ராணுவத்தில் இன வேற்றுமை கூடாது என்று ஆணை போட்டார். இரண்டாம் உலகப் போரில் டஸ்கீகி என்ற இடத்தில் பயிற்சி பெற்ற கறுப்பின விமானிகள், வெள்ளைக்காரர்களோடு சேராத தனிப் படைப்பிரிவாகப் பறந்து நல்ல பெயர் வாங்கியிருந்தார்கள். போர் முடிந்து ஊர் திரும்பிய அவர்களுக்குப் பெரிய பயணிகள் விமானக் கம்பெனிகள் கதவைத் திறக்கவில்லை. நாட்டுக்காகக் குண்டு போடும் விமானத்தை ஓட்டலாம், ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போகக் கூடாது. நிலைமை அப்படி இருந்தது.

கிரீன் குண்டுவீச்சு விமானம் ஓட்டினார். பிறகு ஜப்பானில், கடலில் விழுந்தவர்களை மீட்கும் ஆல்பட்ராஸ் என்ற விமானத்தை ஓட்டினார். தண்ணீரிலும் இறங்கும், தரையிலும் இறங்கும் ரகம் அது. கேப்டன் பதவி வரை வந்தார். 1957-ல், ஒன்பது வருட சர்வீஸுக்குப் பிறகு, பயணிகள் விமானத்தில் பைலட் ஆகவேண்டும் என்ற ஒரே ஆசையில் ராஜினாமா செய்தார். அப்போது அவர் பறந்திருந்தது மூவாயிரம் மணி நேரத்துக்கு மேல். பைலட் வேலையில் மணிக்கணக்குதான் சான்றிதழ். எத்தனை மணி பறந்தீர், எந்த ரக விமானத்தில் பறந்தீர் என்பதெல்லாம் லாக் புக் என்ற கணக்குப் புத்தகத்தில் இருக்கும். கிரீனின் லாக் புக்கைப் பார்த்தால் எந்தக் கம்பெனியும் கூப்பிட்டிருக்க வேண்டும். பல கம்பெனிகளுக்கு எழுதினார். ஒன்றும் நடக்கவில்லை.

டென்வர் நகரில் இயங்கிய கான்டினென்டல் ஏர்லைன்ஸுக்கு விண்ணப்பித்தபோது, இனம் என்ன என்று கேட்ட கட்டத்தை அவர் காலியாக விட்டார். போட்டோவும் ஒட்டவில்லை. பொய் எழுதவில்லை, கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். இண்டர்வியூவுக்கு வரும்படி பதில் வந்தது. நேரில் போய் நின்றபோதுதான் ஆள் யார் என்று அவர்களுக்குத் தெரிந்தது. விமானம் ஓட்டிக் காட்டும் பரீட்சையையும் முடித்தார். அவரைவிடக் குறைந்த அனுபவம் உள்ள வெள்ளைக்காரர்களுக்கு வேலை கிடைத்தது. அவருக்குக் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். நானும் அந்தத் தொண்ணூற்றொன்பதில் ஒருவன்தான். என் கவரில் இருக்கும் நகல்களில் மூன்று, ஒரே வேலைக்கு மூன்று வருடம் அடுத்தடுத்துப் போட்டவை. கப்பலில் வயர்லெஸ் ஆபரேட்டர் ஆகவேண்டும் என்பது என் ஆசை. மூன்றாவது தடவையும் பதில் வராததும், கிடைத்த குமாஸ்தா வேலையில் உட்கார்ந்துவிட்டேன். அதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. ஆனாலும் நாலாவது நகல் ஒன்று இருந்திருக்கலாமே என்று அந்தக் கவரைப் பார்க்கும்போது தோன்றுகிறது.

கிரீன் வீட்டுக்குப் போகவில்லை. அதே 1957-ல் கொலராடோ மாநிலத்தில், வேலை கொடுப்பதில் இன வேற்றுமை காட்டக்கூடாது என்று தனியார் கம்பெனிகளையும் கட்டுப்படுத்தும் சட்டம் வந்திருந்தது. அதை நடத்த ஒரு கமிஷன் இருந்தது. கிரீன் அங்கே புகார் கொடுத்தார். கமிஷன் முதலில் சமரசம் பேசிப் பார்த்தது. முடியாமல் போகவே நீண்ட விசாரணை நடத்தியது. கிரீனை எடுக்காததற்கு அவருடைய இனம் தவிர வேறு காரணம் இல்லை என்று 1958 டிசம்பரில் முடிவு சொன்னது. கம்பெனியின் அடுத்த பயிற்சி வகுப்பில் முதல் இடம் அவருக்குத்தான் என்று ஆணை போட்டது.

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். கம்பெனி கோர்ட்டுக்குப் போனது.

கம்பெனி வைத்த வாதம் விசித்திரமானது. கிரீன் தகுதியில்லாதவர் என்பது அதில் முக்கியமில்லை. எங்கள் விமானம் பல மாநிலங்களுக்குப் பறக்கிறது, மாநிலத்துக்கு மாநிலம் நடக்கும் வியாபாரத்தை ஒழுங்குபடுத்துவது மத்திய அரசின் அதிகாரம், கொலராடோ என்ற ஒரு மாநிலத்தின் சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது, ஒவ்வொரு மாநிலமும் ஒரு சட்டம் போட்டால் நாங்கள் எதைக் கேட்பது என்றார்கள். இதற்கு அவர்கள் துணைக்கு எடுத்துக்கொண்ட பழைய தீர்ப்புகளில் ஒன்று, பஸ்ஸில் கறுப்பினத்தவர் பின்னால்தான் உட்காரவேண்டும் என்ற வர்ஜீனியா மாநிலச் சட்டத்தைத் தூக்கியெறிந்த 1946-ஆம் வருடத் தீர்ப்பு. மாநில எல்லை தாண்டும் பஸ்ஸில், எல்லைக்கு எல்லை இடம் மாறி உட்காரச் சொல்வது வியாபாரத்துக்கு இடைஞ்சல் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். வேற்றுமையை ஒழித்த தீர்ப்பையே வேற்றுமையைக் காப்பாற்றும் கேடயமாகப் பிடித்தார்கள்.

அது எடுபட்டது. டென்வர் மாவட்ட கோர்ட் கமிஷனின் ஆணையை ரத்து செய்தது. 1962-ல் கொலராடோ மாநில உச்ச நீதிமன்றமும் கம்பெனி பக்கமே நின்றது.

அந்த வருடங்களில் கிரீன் வீட்டு நிலைமையை யோசித்துப் பாருங்கள். மனைவி எலினார் வெள்ளைக்காரப் பெண். அப்படிப்பட்ட கல்யாணத்தைத் தெற்கில் பல மாநிலங்கள் 1967 வரை குற்றமாக வைத்திருந்தன. ஆறு குழந்தைகள். குடும்பத்தை ஓட்ட அவர் கிடைத்த வேலையெல்லாம் செய்தார். பால்பண்ணையில் பால் கேன் கழுவியதும் அதில் ஒன்று. வானத்தில் மூவாயிரம் மணி நேரம் இருந்த கை அது. தோற்ற வழக்கை மேலும் மேலே கொண்டுபோவது என்று எந்த நெஞ்சுரத்தில் முடிவு செய்தார் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். அவர் பக்கம் டென்வர் வக்கீல் டி. ரேபர் டெய்லர் விடாமல் நின்றார்.

வழக்கு வாஷிங்டனில் உள்ள அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1963 ஏப்ரல் 22-ல் தீர்ப்பு. நீதிபதிகள் ஒன்பது பேரும் ஒருமனதாக, கொலராடோ சட்டம் கம்பெனியைக் கட்டுப்படுத்தும் என்றார்கள். தீர்ப்பின் விளக்கம் எளிமையானது. பயணி உட்காரும் இடம் எல்லைக்கு எல்லை மாறினால் குழப்பம் வரும். பைலட்டை வேலைக்கு எடுப்பது ஒரே ஊரில், ஒரே தடவை நடந்து முடிகிற காரியம், அதில் என்ன குழப்பம்? தவிர, வேற்றுமை காட்டு என்று சொல்லும் சட்டம் எந்த மாநிலத்தில் இருந்தாலும் இனிமேல் அது செல்லாது. ஆகவே ஒரு மாநிலம் ஆம் என்றும் இன்னொன்று இல்லை என்றும் சொல்லும் என்ற பயத்துக்கே இடமில்லை.

இந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஹியூகோ பிளாக். அலபாமாக்காரர். இளமையில், 1920களில், கறுப்பினத்தவரைத் துரத்தித் துரத்தி அடித்த கூ கிளக்ஸ் கிளான் என்ற வெறிக்கூட்டத்தில் உறுப்பினராக இருந்தவர். மனிதன் எங்கே தொடங்குகிறான், எங்கே வந்து சேருகிறான் பாருங்கள். தீர்ப்பு வந்த அந்த வாரம்தான், அதே அலபாமாவின் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் வெளியே வந்திருந்தார்.

தீர்ப்பு வந்த மறுநாளே கிரீன் விமானத்தில் ஏறிவிட்டார் என்று நினைக்காதீர்கள். 1965-ல்தான் கான்டினென்டலில் சேர்ந்தார். அதற்குள் 1964 டிசம்பரில் டேவிட் ஹாரிஸ் என்ற இன்னொரு கறுப்பின விமானியை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வேலைக்கு எடுத்துக்கொண்டது. அவர் பார்க்க வெள்ளையாக இருப்பார், அதனால் தானே முன்வந்து தன் இனத்தைச் சொன்னார். உங்கள் நிறம் எதுவாக இருந்தால் என்ன, விமானம் ஓட்டத் தெரியுமா என்றுதான் அவரிடம் கேட்டார்களாம். ஆக, பெரிய பயணிகள் விமானக் கம்பெனி ஒன்றின் முதல் கறுப்பின பைலட் என்ற பெயர் ஹாரிஸுக்குப் போனது. கிணறு வெட்டியவர் ஒருவர், முதல் குடம் மொண்டவர் இன்னொருவர். ஹாரிஸ் மேல் தப்பு ஒன்றுமில்லை. வெட்டிய கிணற்றில் யாராவது மொள்ளத்தானே வேண்டும்.

என்னை உறுத்துவது வேறு விஷயம். சர்க்கார் ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்லாமலே புரியும். சீனியாரிட்டி லிஸ்ட். அதில் ஒரு நம்பர் பின்னால் போனால் ஒரு மனிதனுக்கு ராத்திரி தூக்கம் போய்விடும். பைலட் தொழில் நம்முடையதைவிட ஒருபடி மேல். சேர்ந்த தேதிதான் எல்லாம். எந்த விமானம், எந்த ரூட், எப்போது கேப்டன், தீபாவளிக்கு வீட்டில் இருக்கலாமா, ஆட்குறைப்பு வந்தால் முதலில் போவது யார், எல்லாமே அந்த ஒரு தேதியைப் பார்த்துத்தான். 1957-ல் கிரீனோடு பரீட்சை எழுதிச் சேர்ந்த ஒருவர், 1965-க்குள் எட்டு வருட சர்வீஸ் போட்டிருப்பார். இருபத்தெட்டு வயதில் உட்கார வேண்டிய இடத்தில் கிரீன் முப்பத்தைந்தில் உட்கார்ந்தார். கோர்ட் வேலையை வாங்கிக் கொடுக்கலாம். கழுவிய பால் கேன்களை யார் திருப்பி எடுத்துக்கொள்வார்கள்?

அவர் 1978 வரை பறந்தார். கேப்டனாக ஓய்வு பெற்றார். பதின்மூன்று வருட வேலைக்கு எட்டு வருடக் காத்திருப்பு. இது லாபமா, நஷ்டமா என்று நான் பல நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கணக்கும் சரியாக வரவில்லை. அவர் யாரிடமும் சலுகை கேட்கவில்லை, தனக்குச் சேர வேண்டியதைக் கேட்டார் என்பது மட்டும் நிற்கிறது. அவருக்குப் பின்னால் வந்தவர்களை நிறம் காட்டித் திருப்பி அனுப்ப முடியாமல் போனதும் நிற்கிறது.

2009 ஜூலையில், எண்பது வயதில் அவர் காலமானார். அடுத்த வருடம் ஒரு போயிங் 737 விமானத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். சூட்டியது அதே கான்டினென்டல் கம்பெனி. அவர் இருந்தபோதே செய்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! ஆனாலும் செய்தார்கள்.

என் பழைய நகல்களை மடித்து மறுபடி கவருக்குள் வைத்துவிட்டேன். மூன்றிலும் எல்லாக் கட்டமும் ஒழுங்காக நிரப்பியிருக்கிறது, போட்டோ நேராக ஒட்டியிருக்கிறது, கையெழுத்தும் சரியாக விழுந்திருக்கிறது.