ரேஞ்ச் ரோவர்

ரேஞ்ச் ரோவர், இங்கிலாந்தின் சோலிஹல் நகரில் ரோவர் நிறுவனம் உருவாக்கி 1970 ஜூனில் அறிமுகப்படுத்திய நான்கு சக்கர இயக்க வாகனம். சொகுசு எஸ்.யூ.வி. வகைக்கு இதையே முன்னோடி என்பார்கள். அந்தப் பெருமை இதற்குத் தகும், ஆனால் பலரும் நினைக்கும் காரணத்துக்காக இல்லை. தோல் இருக்கையோ மரப் பலகையோ முதல் வண்டியில் கிடையாது. இருக்கைக்கு வினைல் உறை, காலடியில் ரப்பர் விரிப்பு. சேறு படிந்தால் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிடலாம். பவர் ஸ்டீயரிங்கூட இல்லை. அந்த வண்டியின் சொகுசு முழுவதும் இருக்கைக்குக் கீழே, சக்கரங்களைத் தாங்கிய ஸ்பிரிங்குகளில் இருந்தது. பின்னாளில் வந்த அலங்காரங்கள் அந்த அடித்தளத்தின்மேல் ஏறியவையே.

இதன் மூத்த உறவான லேண்ட் ரோவர் 1948இல் பண்ணை வேலைக்காகப் பிறந்தது. அதன் லீஃப் ஸ்பிரிங் பட்டைகள் பாரம் தாங்கும். ஏறியவரின் முதுகைத் தாங்காது. 1960களில் அமெரிக்கர்கள் ஓய்வுப் பயணத்துக்கும் இத்தகைய வண்டிகளை வாங்கத் தொடங்கியதை ரோவர் கவனித்தது. சாலைக் கார்களில் தேர்ந்த பொறியாளர் ஸ்பென் கிங், கார்டன் பேஷ்ஃபோர்டுடன் சேர்ந்து புதிய வண்டியை வகுத்தார். நான்கு சக்கரங்களுக்கும் காயில் ஸ்பிரிங், அவை ஏறி இறங்கத் தாராளமான இடைவெளி என்பது அவர்களின் முதல் முடிவு. எஞ்சினாக அமைந்தது, அமெரிக்காவின் பியூக்கிடமிருந்து உரிமை வாங்கிய 3.5 லிட்டர் அலுமினிய வி8. அதன் விசை முழுவதையும் பின் ஆக்சிலே சுமப்பதானால் அந்த ஆக்சில் கனமாக வேண்டும். கனத்த ஆக்சில் ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டியை உலுக்கும். ஆகவே விசையை முன்னும் பின்னும் எப்போதும் பகிரும் நிரந்தர நான்கு சக்கர இயக்கம் வந்தது. இன்று காட்டுப் பாதைக்கான அம்சமாகவே விளம்பரப்படும் ஒன்று, பெரும்பகுதி பயண சுகத்தைக் காக்கவே சேர்ந்தது என்பதை இந்த வடிவமைப்பின் மிக நேர்த்தியான இடமாகக் கருதுகிறேன். நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், பாரம் ஏற்றினாலும் பின்பக்கம் தாழாமல் காக்கும் அமைப்பு ஆகியவையும் உடன் வந்தன. வெளித்தோற்றத்தை டேவிட் பேச் செதுக்கினார்.

அமெரிக்காவின் ஜீப் வேகனியர் 1963லேயே வந்துவிட்டதே, அதன் உயர்வகையில் ஏ.சி.யும் ஆட்டோமேட்டிக் கியரும் இருந்தனவே என்று கேட்கலாம். உண்மைதான், உள்ளலங்காரத்தை அளவுகோலாக வைத்தால் முதலிடம் வேகனியருக்கே. ஆனால் அது லீஃப் ஸ்பிரிங்மேல் நின்றது. வசதிகளைச் சேர்த்ததே தவிர, வண்டியின் நடையை மாற்றவில்லை. நடையை மாற்றியதால் ரேஞ்ச் ரோவரின் வலு குறைந்துவிடவும் இல்லை. 1971–72இல் ஜான் பிளாஷ்ஃபோர்ட்–ஸ்னெல் தலைமையிலான பயணக் குழு அலாஸ்காவிலிருந்து தென்னமெரிக்காவின் தென்முனை வரை இரண்டு ரேஞ்ச் ரோவர்களை ஓட்டிச் சென்றது. சாலையே இல்லாத டேரியன் காட்டில், மிகைச் சுமையால் பின் டிஃபரன்ஷியல்கள் உடைந்தன. சீர்செய்துகொண்டு வண்டிகள் கடந்தன. 1979இல் நடந்த முதல் பாரிஸ்–டக்கார் பந்தயத்திலும் கார்களில் முதலாவதாக வந்தது ரேஞ்ச் ரோவரே.

அலங்காரம் மெல்லத்தான் வந்தது. நான்கு கதவு 1981இல், ஆட்டோமேட்டிக் கியர் 1982இல். 1987இல் அமெரிக்கச் சந்தைக்குள் நுழைந்தபின் தோலும் மரமும் பெருகின. ஆனால் 1992இன் நீள வகையில் வந்த ஏர் சஸ்பென்ஷனையே நான் பெரிய மாற்றமாக எண்ணுகிறேன், அது, பயணத்தைச் சுகமாக்குவது எப்படி என்ற கிங்கின் கேள்விக்கே புதிய விடை. இரண்டாம் தலைமுறை 1994இல் வந்தது. உரிமை பி.எம்.டபிள்யூ.வுக்கும், 2000இல் ஃபோர்டுக்கும், 2008இல் டாடா மோட்டார்ஸுக்கும் கைமாறியது. 2024 முதல் புனேயிலும் வண்டிகள் பொருத்தப்படுகின்றன. இந்தக் கைமாற்றங்களுக்கிடையே, 2001இன் மூன்றாம் தலைமுறை தனிச் சட்டகத்தையும் திண்ணிய ஆக்சில்களையும் கைவிட்டு, சக்கரம் ஒவ்வொன்றையும் தனித்தனியே ஏறி இறங்கவிட்டது.

இன்னொரு மறுப்பு கடுமையானது: இந்த வண்டிகளில் பெரும்பாலானவை தார்ச்சாலையை விட்டு இறங்குவதே இல்லை, பின் எதற்கு இத்தனை ஆற்றல்? இதை வடிவமைத்த கிங்கே முதுமையில், நகரத்தில் அந்தஸ்துக்காக இவ்வகை வண்டி ஓட்டுவோரைப் பகிரங்கமாகக் கண்டித்தார். அவர் கண்டித்தது பயன்பாட்டை, பொறியியலை அல்ல. காட்டுக்காகச் செய்த தாராளமாக ஏறி இறங்கும் ஸ்பிரிங்தான் நகரத்துக் குழியையும் விழுங்குகிறது. எடை விஷயத்தில் மட்டும் மறுப்பவர்கள் பக்கமே நியாயம் இருக்கிறது. முதல் வண்டி ஏறத்தாழ 1.7 டன். 2012இல் முழு அலுமினிய உடலால் சில வகைகளில் 420 கிலோ வரை குறைத்தார்கள். 2021இல் வந்த ஐந்தாம் தலைமுறையோ ஏறத்தாழ இரண்டரை டன். இத்தனை பெரிய உடல் நெருக்கடியான இடத்தில் திரும்ப, அதன் பின்சக்கரங்களும் வளைகின்றன.