பட்டடைக்கு நடுவே பிறந்த வைரம்

மலர்க் குழுவில் இருக்கும் என் செட் நண்பன் போன் செய்து, "நீயும் ஏதாவது எழுதிக் குடுடா. ஆனா ஹாஸ்டல் மெஸ், கேன்டீன் டீ ரெண்டும் வேணாம், ஏற்கெனவே எட்டுக் கட்டுரை வந்துடுச்சு" என்றான். மிச்சம் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். நம்மில் யாரும் எழுதாத இடம் ஒன்று இருக்கிறது. ஒர்க்ஷாப் கட்டடத்தின் பின்கோடியில், கரி படிந்த ஓட்டுக் கூரையோடு நின்ற ஸ்மித்தி ஷாப்!

எந்தப் பிரிவில் சேர்ந்தவனாக இருந்தாலும் முதல் வருடத்தில் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு அங்கே போய் உருண்டைக் கம்பியைச் சதுரமாக அடித்தாக வேண்டும். அந்த ஒரு வருடத்தில் நான் இரண்டு பாவங்கள் செய்தேன். முதலாவது கார்ப்பென்டரி ஷாப்பில். மழுங்கிய உளியைக் கொடுத்துத் தீட்டச் சொன்னார்கள். பெஞ்ச் கிரைண்டரில் வைத்து அழுத்தினேன். தீப்பொறி பறக்க, உளியின் முனை மயில்கழுத்து நிறத்துக்கு வந்தது. அழகாக இருக்கிறதே என்று எடுத்துப்போய் இன்ஸ்ட்ரக்டரிடம் காட்டினேன். "தம்பி, நீலம் பாஞ்சுடுச்சு பாத்தியா? இனிமே இது உளி இல்ல, தகரம்" என்றார். எஃகு ஏறக்குறைய 300 டிகிரி சென்டிகிரேடைத் தொட்டால்தான் அந்த நீலம் வரும், அதற்குள் முனையின் கடினம் இறங்கிவிடும் என்பதை மெட்டலர்ஜி பாடத்தில் படித்தது இரண்டு வருடம் கழித்து. அவர் அந்த நீலத்தைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு அரைத்து நீக்கிவிட்டு, எண்ணெய் விட்ட ஒரு கறுப்புக் கல்லில் கால் மணி நேரம் தேய்த்தார். "என்ன கல்லு சார் இது?" என்றேன். "கார்போரண்டம். நம்ம திருவொற்றியூர்ல பண்றாங்க" என்றார்.

இரண்டாவது பாவம் ஸ்மித்தியில். சுத்தியல் குறி தவறி, பட்டடையின் முகத்தில் ஓர் ஓரமாக விழுந்து, பிறைநிலா மாதிரி ஒரு தழும்பு. பயந்துபோய் நின்றேன். "விடு தம்பி, அதுக்கு அடிதான் சோறு" என்று சிரித்தார் அதே இன்ஸ்ட்ரக்டர். அந்தப் பிறைக்குப் பிறகு வருகிறேன்.

படித்து முடித்து ஒரு டூல் ரூமில் வேலைக்குச் சேர்ந்தபோது, அங்கே சாணைக்கல்லுக்குப் பதிலாக எல்லோரும் பயன்படுத்தியது வைரத் தகடு. எஃகுத் தகட்டில் நிக்கல் முலாம் பூசி, அந்த முலாமுக்குள் வைரத் தூளை ஒரே ஓர் அடுக்காகப் பதித்திருப்பார்கள். பார்த்தால் உப்புத்தாள் மாதிரிதான் இருக்கும். வைரம் என்றால் நகைக்கடை என்று நினைத்திருந்த எனக்கு, இது எப்படிப் பட்டறைக்கு வந்தது என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. தேடிப் போனால் கதை நம் ஊரிலிருந்தே தொடங்குகிறது.

தீட்டுவதற்கு நம் நாட்டில் பழங்காலத்திலிருந்து கைகொடுத்த கனிமம் குருந்தம். நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் இன்றும் பாறையில் பதிந்து கிடக்கிறது. இதைப் பொடி செய்து அரக்கில் குழைத்துச் சக்கரமாக வார்த்துச் சாணை பிடித்தார்கள். இந்தியாவிலிருந்து போன மாதிரிகளை வைத்து 1798ல் சார்ல்ஸ் கிரெவில் என்பவர் லண்டன் ராயல் சொசைட்டியில் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆங்கிலத்தில் 'கொரண்டம்' என்கிறார்களே, அது நம் குருந்தம்தான்.

அடுத்த திருப்பம் அமெரிக்காவில், 1891ல். எடிசனிடம் வேலை பார்த்த எட்வர்டு அச்செசன் என்பவர் களிமண்ணையும் கோக் கரித்தூளையும் கலந்து மின்சாரம் செலுத்திச் சூடேற்றினார். கார்பன் மின்முனையில் பளபளவென்று சில படிகங்கள் ஒட்டியிருந்தன. கண்ணாடியைக் கீறின. கார்பனும் கொரண்டமும் சேர்ந்த பொருள் என்று தவறாக எண்ணி 'கார்போரண்டம்' என்று பெயர் வைத்துவிட்டார். உண்மையில் அது சிலிக்கன் கார்பைடு. தப்பான பெயர் என்று தெரிந்த பிறகும் யாரும் மாற்றவில்லை. ஆக, நம் குருந்தம் இங்கிலாந்து போய், அமெரிக்கா போய், 1954ல் கார்போரண்டம் யுனிவர்சல் கம்பெனியின் பெயரில் ஏறிச் சென்னைக்கே திரும்பி வந்தது. எங்கள் இன்ஸ்ட்ரக்டர் கையிலிருந்த கறுப்புக் கல்லுக்கு இவ்வளவு பெரிய யாத்திரை!

கார்போரண்டம் சாதாரண எஃகை நன்றாகவே அரைத்தது. சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. 1920களில் ஜெர்மனியில் டங்ஸ்டன் கார்பைடு கண்டுபிடித்தார்கள். க்ரூப் கம்பெனி அதற்கு வைத்த பெயர் 'விடியா'. வைரம் போல என்று பொருள்படும் ஜெர்மன் சொற்களின் சுருக்கம். நம் லேத் பட்டறைகளில் 'விடியா பிட்' என்று சொல்கிறோமே, அதேதான். இதைத் தீட்டுவதற்கு வைரமே சரி என்று ஆயிற்று. மோஸ் அளவுகோலில் குருந்தம் 9, வைரம் 10 என்று படித்து, ஒரு படிதானே வித்தியாசம் என்று நினைத்துவிடுகிறோம். அது வெறும் வரிசை எண். அளந்து பார்த்தால் வைரம் மூன்று, நான்கு மடங்கு கடினம். கார்பைடு வந்ததும் நகைக்கு ஆகாத மட்ட வைரத்துக்கெல்லாம் கிராக்கி வந்துவிட்டது.

செயற்கையாகச் செய்ய முடியாதா? முயன்றவர்கள் பலர். கிளாஸ்கோவில் ஹானே 1880ல், பாரிஸில் மொய்சான் 1893ல் செய்துவிட்டதாகவே அறிவித்தார்கள், நிரூபணம் ஆகவில்லை. ஹார்வர்டில் பிரிட்ஜ்மன் இரண்டு கார்பைடு முகங்களை எதிரெதிரே வைத்து நடுவில் பொருளை நசுக்கும் முறையை வளர்த்தார். அந்த முகங்களுக்கு அந்தத் துறையில் என்ன பெயர் தெரியுமா? ஆன்வில். நம் பட்டடையேதான்! உயர் அழுத்த ஆராய்ச்சிக்காக 1946ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது, வைரம் மட்டும் கிடைக்கவில்லை.

அதைச் செய்தவர்களில் ஒருவர் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த டிரேசி ஹால். இவர் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். கம்பெனி பெரிய விலையில் 1000 டன் பிரஸ் வாங்கி வைத்திருந்தது. இவருக்குக் கிடைத்ததோ தண்ணீர் ஒழுகும் 400 டன் பழைய பிரஸ். இரண்டு கூம்புப் பட்டடைகளைச் சுற்றி ஒரு வளையம் போட்டு, பக்கவாட்டில் பிதுங்காமல் நசுக்கும் 'பெல்ட்' என்ற அமைப்பை வடிவமைத்தார். முதலில் கடினப்படுத்திய எஃகில் செய்து பார்த்தார், பிறகுதான் கார்பைடு வாங்கிக் கொடுத்தார்கள். 1954 டிசம்பர் 16ந் தேதி அந்த அமைப்பை உடைத்துப் பார்த்தபோது உள்ளே குட்டிக் குட்டியாக முக்கோணங்கள் மின்னின. சுமார் ஒரு லட்சம் வளிமண்டல அழுத்தம். 1955 பிப்ரவரி 15ல் கம்பெனி உலகுக்கு அறிவித்தது. ஹாலுக்குக் கிடைத்த வெகுமதி 10 டாலர் சேமிப்புப் பத்திரம் என்று அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். இன்க்ரிமென்ட் வராமல் புலம்பும் நண்பர்கள் குறித்துக்கொள்ளவும்! அந்த வருடமே அவர் வேலையை விட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. ஸ்வீடனில் ஆசியா கம்பெனியார் 1953 பிப்ரவரியிலேயே வைரம் செய்துவிட்டார்கள். வெளியே சொல்லவில்லை, அதனால் பெயர் போயிற்று.

ஆக, வைரம் வேண்டுமானால் கார்பைடுப் பட்டடை வேண்டும். கார்பைடைத் தீட்ட வைரம் வேண்டும். அதோடு நிற்கவில்லை. 1958ல் அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனத்தில் வைரத்தையே பட்டடையாக வைத்து நசுக்கும் கருவி செய்தார்கள். அதற்கான கற்கள் கடத்தல்காரர்களிடம் பறிமுதல் செய்தவை.

இதில் என்னைக் கவர்ந்த பொறியியல் விஷயம் ஒன்று. அந்த அழுத்தத்தில் கார்பன் வைரமாக மாற, உருகிய இரும்போ நிக்கலோ உடன் இருக்க வேண்டும். அவை கார்பனைக் கரைத்துக்கொண்டு வைரமாக வெளியே விடும். அதே இரும்புதான் வைரத்துக்கு எமனும். வேகமாகச் சுழலும் வைரச் சக்கரத்தில் எஃகை வைத்தால், அந்தச் சூட்டில் வைரத்தின் கார்பனை இரும்பு தின்றுவிடும். அதனால்தான் எஃகுக்கு 1957ல் வென்ட்டார்ஃப் செய்த போரான் நைட்ரைடு சக்கரம். ஆனால் கையால் தேய்த்தால் சூடே ஏறாது. அதனால் உளிக்கும் இழைப்புளித் தகட்டுக்கும் வைரத் தகடு தாராளமாகப் பயன்படுத்தலாம். என் முதல் பாவத்துக்கும் அதில் இடமில்லை, நீலம் பாயவே பாயாது.

வாங்க நினைப்பவர்களுக்கு: 325 மெஷ் என்றால் துகள் சுமார் 45 மைக்ரான், மழுங்கியதை மீட்க. 600 என்றால் சுமார் 25, அன்றாடத்துக்கு. 1200 என்றால் 9, கடைசி மெருகுக்கு. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, பாரமில்லாமல் தேய்க்க வேண்டும். அழுத்தினால் துகள் நிக்கலிலிருந்து பெயர்ந்துவிடும், போனது போனதுதான். வேலை முடிந்ததும் துடைத்து வையுங்கள். கல்லைப் போல நடுவில் குழி விழாது என்பதே இதன் பெரிய சௌகரியம்.

இப்போது அந்தப் பிறைக்கு வருகிறேன். போன வருடம் ஆள் எடுக்கும் வேலையாகக் கல்லூரிக்குப் போனேன். ஸ்மித்தி ஷாப்பைக் காலி செய்திருந்தார்கள். பின்பக்கம் வேப்பமரத்தடியில், உடைந்த பெஞ்சுகளோடு அந்தப் பட்டடை கிடந்தது. பழைய இரும்பு என்று கிலோ விலைக்குப் போடப் பட்டியலில் ஏற்றியிருந்தார்கள். மேலே தடவிப் பார்த்தேன். பிறை இருந்தது!

அதன் விலாவில் '1 3 14' என்று பொறித்திருக்கும். ஸ்டாக் ரிஜிஸ்டர் நம்பர் என்று அன்று நினைத்தோம். அது எடை. டட்லியின் பீட்டர் ரைட், ஷெஃபீல்டின் மவுஸ்ஹோல் போன்ற பழைய ஆங்கிலப் பட்டடைகளில் இப்படித்தான் பொறிப்பார்கள். முதல் எண் ஹண்ட்ரட்வெயிட், அதாவது 112 பவுண்டு. இரண்டாவது கால் ஹண்ட்ரட்வெயிட், 28 பவுண்டு. மூன்றாவது பவுண்டு. கூட்டினால் 210 பவுண்டு, ஏறக்குறைய 95 கிலோ. உடல் தேனிரும்பு, மேலே எஃகு முகத்தை உலையிலேயே பற்றவைத்திருப்பார்கள். நம்முடையதில் செய்தவர் பெயர் தேய்ந்துவிட்டது, எண் மட்டும் மிச்சம்.

பட்டடை நல்லதா என்று பார்க்கச் சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்பார்கள். அதை மட்டும் நம்பக்கூடாது. அமெரிக்காவில் ஃபிஷர் கம்பெனி வார்ப்பிரும்பு உடலில் எஃகு முகம் பதித்துச் செய்த பட்டடைகள் மணியாக ஒலிக்காது, ஆனால் அருமையானவை. பேரிங் பால்தான் சரியான சோதனை. 10 அங்குல உயரத்திலிருந்து விட்டால் 8 அங்குலம் திரும்ப எழும்ப வேண்டும். இன்று பெயின்ட் அடித்து மலிவாக விற்கும் வெறும் வார்ப்பிரும்புப் பட்டடையில் பாதி உயரம்கூட வராது. கொல்லன் கொடுத்த அடியை அதுவே விழுங்கிவிடும், கம்பிக்குப் போகாது. பட்ஜெட் இல்லாதவர்கள் ஒரு அடி ரயில் தண்டவாளத் துண்டை நிமிர்த்தி நட்டு அடிக்கலாம், அது எவ்வளவோ தேவலை.

டூல் ரூம்காரனுக்குப் பையில் பேரிங் பால் இல்லாமலா போகும்? அங்கேயே விட்டுப் பார்த்தேன். வெயிலிலும் மழையிலும் கிடந்த அந்தக் கிழம் 8 அங்குலத்துக்குத் தூக்கிப் போட்டது. புதிதாக இதே தரத்தில் வாங்கப் போனால் பழைய இரும்பு விலையைப் போலப் பல மடங்கு ஆகும். அலுவலகத்தில் சொன்னேன். எழுதிக் கொடுங்கள், பார்க்கலாம் என்றார்கள். எங்கள் செட்டில் இருபத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். இதை எழுதும்வரை பட்டியலிலிருந்து நீக்கவும் இல்லை, விற்கவும் இல்லை.

கூடுகை நாளன்று காலைச் சிற்றுண்டி முடிந்ததும் வேப்பமரத்தடிக்கு வாருங்கள். பேரிங் பாலும் மூன்று வைரத் தகடுகளும் கொண்டு வருகிறேன். வீட்டில் மழுங்கிய உளி, அரிவாள்மனை எதுவானாலும் எடுத்து வரலாம். மாணவத் தம்பி தங்கைகளும் அவசியம் வரவும். அப்படியே அந்த மனுவில் ஒரு கையெழுத்தும் போட்டுவிடுங்கள். இன்ஸ்ட்ரக்டர் சாரை நேரில் போய் அழைத்தேன். ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிறது, காது கொஞ்சம் மந்தம். யார் என்று முதலில் பிடிபடவில்லை. பட்டடையைப் பற்றிச் சொன்னதும் முகம் மலர்ந்து, "அட, நீலம் பாய்ச்சின தம்பியா! அந்த ஓரத்துல ஒரு அடி விட்டியே, அது இன்னும் இருக்கா?" என்றார்.